குளம்பு காலா, நகமா?

மலையடியில் ஒரு மடம் இருந்தது. அங்கே கண்டிப்பான விதி ஒன்றே ஒன்று. உயிருள்ள எதன் மேலும் இரும்பு படக் கூடாது.

பூவைப் பறிக்க மாட்டார்கள். விழுந்ததைப் பொறுக்குவார்கள். காய் நறுக்கலாம். கடையிலிருந்து வந்த காய்க்கு உயிர் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். யார் பறித்தது என்று கேட்கக் கூடாது. முடிக்கும் நகத்துக்கும் விலக்கு உண்டு. இல்லையென்றால் மடம் முழுக்கக் கரடிகள்தான் இருந்திருக்கும்.

மடத்தின் குரு வடிவம்மை. நாற்பதைத் தாண்டியவர். அதிகம் பேச மாட்டார்.

அவருடைய சீடர் சிற்றம்பலம் அவரைவிட மூத்தவர். பள்ளியில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். ஆள் நல்லவர்தான். ஆனால் எதையும் சொல்லிலிருந்துதான் தொடங்குவார். பசிக்கிறது என்றால், பசி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் இலை போடுவார்.

மடத்தில் ஒரு காளை உண்டு. பெயர் செவலை. ஒற்றைமாட்டு வண்டியில் பீப்பாய் வைத்து, கீழே இருக்கும் ஊருணியிலிருந்து மலைமேல் இருக்கும் மேட்டுக்குடி என்ற ஊருக்குத் தண்ணீர் இழுக்கும். மேட்டுக்குடி முழுக்கப் பாறை. கிணறு கிடையாது. வண்டி ஓட்டுவது சிற்றம்பலம்.

மண்பாதையாக இருந்தவரை செவலைக்கு லாடம் தேவைப்படவில்லை. இந்தக் கோடையில் கப்பிக்கல் கொட்டி ரோடு போட்டார்கள். வடிவம்மை அப்போது வேறொரு மடத்துக் குருபூசைக்குப் போயிருந்தார். லாடம் அடிக்கும் மீரான் ராவுத்தர் தானாகவே வந்தார்.

"சாமி, புது ரோட்டுல வெறுங்காலோட விட்டா மாடு தாங்காது. லாடம் கட்டிடுவோம்."

ராவுத்தர் கயிற்றை எடுத்தார். சுத்தியலை எடுத்தார். ஆணியை எடுத்ததும் சிற்றம்பலம் ஓடிப்போய் மாட்டுக்குக் குறுக்கே நின்றார்.

"உயிருள்ள காலில் ஆணியா? இந்த மடத்திலா?"

"சாமி, அது காலு இல்ல, குளம்பு."

"இன்னும் ஒரு அடி எடுத்து வச்சா பாரும்! ஆணி அடிக்கிற கை அழுகிப் போகும்!"

சாபம் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கோபத்தில் வந்துவிட்டது. ராவுத்தர் தன் கையைப் பார்த்தார். சிற்றம்பலத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செவலை வெறுங்காலோடு கல்லில் ஏறியது. சிற்றம்பலம் அதன் காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டினார். பாதி ஏற்றத்துக்குள் சாக்கு கிழிந்தது. மறுபடி சுற்றினார். மறுபடி கிழிந்தது. பிறகு மாடு நொண்டியது. பிறகு கல்லில் சிவப்பாகக் கறை தெரிந்தது. ஒரு நாள் காலையில் செவலை கொட்டிலில் படுத்தது. எழவே இல்லை.

மேட்டுக்குடிப் பெண்கள் குடத்தோடு இறங்கி வந்து தண்ணீர் சுமந்தார்கள். போகிற போக்கில் ஒருத்தி கொட்டிலை எட்டிப் பார்த்து, "சாமி, மாட்டுக்கு நல்லா இரக்கம் காட்டினீங்க" என்றாள்.

வடிவம்மை திரும்பி வந்தார். கால் கழுவியதும் நேரே கொட்டிலுக்குத்தான் போனார்.

"என்ன ஆச்சு?"

"எழ மாட்டேங்குது தாயே."

"தின்னுதா?"

"வைக்கோலை முகர்ந்து பார்க்குது. மூஞ்சியைத் திருப்பிக்குது."

வடிவம்மை குத்துக்காலிட்டு உட்கார்ந்து செவலையின் வயிற்றில் கை வைத்தார். காதைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்படியே கிடந்தா காலெல்லாம் மரத்துப் போகும். அப்புறம் நாம எல்லாரும் சேர்ந்து தூக்கினாலும் நிக்காது. தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணினீங்க?"

"யோசிச்சேன்."

"என்னன்னு?"

சிற்றம்பலம் தொண்டையைச் செருமினார். "குளம்புங்கிற சொல் எங்கேயிருந்து வந்ததுன்னு."

வடிவம்மை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"சொல்லுங்க" என்றார்.

கேட்க ஆள் கிடைத்ததும் சிற்றம்பலத்துக்குக் குரல் வந்துவிட்டது. "நம்ம விதிப்படி நகத்துக்கு விலக்கு இருக்கு. காலுக்கு இல்லை. குளம்பு கால்னா ஆணி அடிக்கிறது பாவம். நகம்னா பாவம் இல்லை. அது ரெண்டில் எதுன்னு அந்தச் சொல்லோட வேர்ல இருக்கணும். பேர் வச்சவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அதான் தேடறேன்."

"கிடைச்சுதா?"

"ஒரு வழி தெரியுது. மாடு சேத்தில் மிதிச்சா பள்ளம் விழும். அதில் மழைத்தண்ணி நிக்கும். சின்னக் குளம் மாதிரி. அதனால குளத்திலிருந்து குளம்பு வந்திருக்கலாம்."

"குளம் முன்னாடி வந்துச்சா, மாடு முன்னாடி வந்துச்சா?"

"மாடுதான் முன்னாடி வந்திருக்கும்."

"அப்போ குளம் வெட்டுற வரைக்கும் மாடு எது மேல நின்னுச்சு?"

சிற்றம்பலம் விடவில்லை.

"இன்னொரு வழியும் இருக்கு தாயே. வடக்கேயிருந்து வந்த சொல்லாக்கூட இருக்கலாம்."

"நடந்தே வந்துச்சா?"

"சொல் எப்படி நடக்கும்?"

"அது நடக்க வேணாம். செவலை நடக்கணும்."

செவலை மூச்சை இழுத்து விட்டது. அந்தக் காற்றில் வைக்கோல் துரும்பு அசைந்தது.

சிற்றம்பலம் கீழே உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் குரலில் இலக்கணம் இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு தாயே. ஆணி அடிக்க விட்டா நான் பாவி. விடாம இது செத்துப்போச்சுன்னா, அதுவும் நான்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிக்கறேன்."

"ராவுத்தரைக் கூட்டிட்டு வாங்க."

"விதி?"

"விதியை நான் பார்த்துக்கறேன்."

"வர மாட்டார். நான் அவரைச் சபிச்சுட்டேன்."

"போய்த் திரும்ப வாங்கிக்கோங்க."

"கொடுத்த சாபத்தைத் திரும்ப வாங்க முடியாது தாயே. அதுக்கு முறைன்னு ஒண்ணு—"

"கொடுக்கும்போது முறை பார்த்தீங்களா?"

சிற்றம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மீரான் ராவுத்தர் வண்டிப்பேட்டையில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துணியால் சுற்றி மடியில் வைத்திருந்தார். சிற்றம்பலத்தைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கிட்ட வராதீங்க சாமி. அங்கேயே நில்லுங்க."

"ராவுத்தரே, மாடு படுத்துடுச்சு."

"அது ரோடு போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். என் கையைப் பாருங்க. ஆரம்பிச்சுடுச்சு."

துணியை அவிழ்த்துத் தூரத்திலிருந்தே காட்டினார். உள்ளங்கையில் ஒரு கொப்புளம்.

"அது சூட்டுக் கொப்புளம்யா. பட்டறையில பட்டிருக்கும்."

"பட்டறையிலதான் பட்டுச்சு. ஆனா ஏன் பட்டுச்சு? இத்தனை வருஷம் படாதது இப்ப ஏன் படுது? உங்க வாயிலேர்ந்து வந்த கொப்புளம் சாமி இது. சாதாரணமா ஆறுமா? ராத்திரி தூக்கம் இல்ல. சுத்தியலைத் தொட்டா கை நடுங்குது. வீட்டுல அவ என்னடான்னா, சாமிகிட்ட எதுக்குய்யா வாய் கொடுத்தேன்னு திட்டுறா. நான் எங்க வாய் கொடுத்தேன்? குளம்புன்னுதானே சொன்னேன்?"

"ராவுத்தரே, எனக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தா, 'எழுந்திரு'ன்னு சொல்லி அந்த மாட்டை எழுப்பியிருக்க மாட்டேனா? எத்தனை வாட்டி சொல்லிப் பார்த்தேன் தெரியுமா? காதைக்கூட ஆட்டலை அது."

ராவுத்தர் யோசித்தார்.

"நெசமாவே சொல்லிப் பார்த்தீங்களா?"

"கெஞ்சினேன்."

"மாடு கேக்கலையா?"

"கேக்கலை."

ராவுத்தர் முகத்தில் முதன்முறையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது. கொப்புளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது இப்போது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"இருந்தாலும் சாமி, இனிமே சபிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. உங்க சாமி மேல ஒண்ணு. என் சாமி மேல ஒண்ணு. எதுக்கும் ரெண்டும் இருக்கட்டும்."

சிற்றம்பலம் இரண்டு சத்தியமும் செய்தார். "நான் சொன்னது தப்பு. உங்க கை நல்லா இருக்கட்டும்" என்றும் சொன்னார். ராவுத்தர் பையைத் தூக்கினார்.

கொட்டிலில் வடிவம்மை வெந்நீர் வைத்திருந்தார். ராவுத்தர் செவலையின் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். மாடு முரண்டு பிடிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ரொம்பச் சோந்து போச்சும்மா. யாராவது காலைப் பிடிக்கணும்."

"சிற்றம்பலம் பிடிப்பார்" என்றார் வடிவம்மை.

"நானா?"

"வேற யார்?"

சிற்றம்பலம் உட்கார்ந்து முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கிட்டா எப்படி சாமி?"

"நீங்க வேலையைப் பாருங்க."

ராவுத்தர் வெந்நீர் ஊற்றிக் கழுவினார். குளம்பின் பிளவுக்குள் விரலை விட்டுக் கல்லை எடுத்தார். சின்னச் சின்னக் கப்பி. உள்ளே புண். அடிப்பக்கம் தேய்ந்து மெலிந்து, நடுவில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. கட்டைவிரலால் நடுவில் லேசாக அழுத்தினார். செவலை காலை வெடுக்கென்று இழுத்தது. சிற்றம்பலம் ஆடிப்போனார்.

ஓரத்தில் அழுத்தினார். ஒன்றும் இல்லை.

"ஓரத்துல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. நல்ல வேளை. ஆனா இடம் ரொம்பக் கம்மி" என்றார். பிறகு கத்தியை எடுத்து ஓரத்தைச் சீவினார். தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டியது போல ஒரு சுருள் உதிர்ந்து சிற்றம்பலத்தின் கால் மேல் விழுந்தது. மாடு அசையவில்லை.

சிற்றம்பலம் ஒரு கண்ணைத் திறந்தார்.

"வலிக்கலையா அதுக்கு?"

"என்னைக் கேட்டா? கால் உங்க கையிலதானே இருக்கு."

ராவுத்தர் லாடத்தை வைத்துப் பார்த்தார். குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியாக ஒரு மெல்லிய தகடு. ஆணியை ஓரத்துத் துளையில் நிறுத்தினார். சுத்தியலைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"சாமி, ஒண்ணு சொல்லிடறேன். ஆணி சாய்வாப் போயி, வெளிப்பக்கமா மேலே நுனி எட்டிப் பார்க்கணும். பார்த்தா நல்லது. உள்ளப் பக்கம் திரும்பிச்சுன்னா கால் சீழ் பிடிச்சிடும். நல்லாக் கனத்த குளம்புன்னா எனக்குச் சத்தத்துலயே தெரியும். இது தேஞ்சு கிடக்கு. எனக்குத் தெரியாது. திரும்புதுன்னா கால் உள்ளுக்குள்ள துடிக்கும். உங்க கைக்குத்தான் முதல்ல தெரியும். நீங்கதான் சொல்லணும்."

"நான் சொல்லணுமா?"

"நிறுத்துன்னாலும் நீங்க. போடுன்னாலும் நீங்க."

சிற்றம்பலம் வடிவம்மையைப் பார்த்தார். வடிவம்மை செவலையின் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சிற்றம்பலம் இரண்டு கண்ணையும் திறந்தார். காலை இன்னும் நெருக்கமாகப் பிடித்தார். குளம்பு குளிர்ந்து கிடந்தது. அதற்கு மேலே முடி தொடங்கும் இடம் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் விரல்களை வைத்தார். உள்ளே மெல்லத் துடிப்பது தெரிந்தது.

"ம்" என்றார்.

ராவுத்தர் தட்டினார். கால் சும்மா இருந்தது. இன்னொரு தட்டு. வெளிப்பக்கம் ஆணியின் நுனி எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சு" என்றார் ராவுத்தர். மூச்சு விட்டார். சிற்றம்பலமும் விட்டார்.

அடுத்த ஆணி. தட்டினார். சிற்றம்பலத்தின் விரலுக்கடியில் ஏதோ சுருண்டது.

"நிறுத்துங்க!"

"இன்னும் நான் சரியாவே அடிக்கலையே சாமி. மாடு ஆடக்கூட இல்ல."

"உள்ளே ஏதோ ஓடிச்சு. எடுங்க. எடுங்கய்யா!"

ராவுத்தர் ஆணியைப் பிடுங்கினார். நுனியைப் பார்த்தார். ஊசிமுனை அளவுக்கு ஈரம். சிவப்பு.

"இன்னொரு தட்டு தட்டியிருந்தா கால் போயிருக்கும்" என்றார் மெதுவாக. "அம்மா, கொஞ்சம் மஞ்சப்பொடி குடுங்க."

வடிவம்மை மஞ்சள்பொடியை நீட்டினார். அந்தத் துளையை அடைத்தார்கள். சிற்றம்பலத்தின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கை இல்லை.

"இன்னும் வெளியே தள்ளி வைங்க" என்றார்.

"இங்கயா?"

"இன்னும். இன்னும் கொஞ்சம். ம். அங்கேதான். போடுங்க."

போடுங்க என்று சொன்னது அவர்தான்.

ராவுத்தர் போட்டார். நுனி எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ராவுத்தர் ஆணியை நிறுத்துவார். சிற்றம்பலம் விரலை மாற்றி வைத்துப் பார்த்து, ம் என்பார், அல்லது தலையை ஆட்டுவார். ஒரு இடத்தில் ராவுத்தரே ஆணியை வைத்துவிட்டு, "இது எனக்கே சரியாப் படலை" என்றார். "எனக்கும்தான்" என்றார் சிற்றம்பலம். அதை விட்டுவிட்டார்கள். அந்தத் தகடு மற்ற ஆணிகளிலேயே நின்றது.

நான்கு காலும் முடிந்ததும் ராவுத்தர் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை மடக்கிவிட்டு, கயிற்றை அவிழ்த்தார்.

செவலை எழவில்லை.

ராவுத்தர் தன் கொப்புளத்தைப் பார்த்தார். சிற்றம்பலம் மாட்டின் வயிற்றைப் பார்த்தார். அது ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது.

"எழுந்திருடா" என்றார் சிற்றம்பலம்.

"நீங்க சொன்னா அது கேக்காதுன்னு சொன்னீங்களே" என்றார் ராவுத்தர்.

வடிவம்மை ஒரு கை நீரை அள்ளி அதன் முகத்தில் தெளித்தார். செவலை தலையை உதறியது. முன்னங்காலை மடக்கி முட்டிபோட்டது. பின்பக்கம் மேலே எழும்பியது. ஒரு கணம் அப்படியே ஆடிக்கொண்டு நின்றது. சிற்றம்பலம் கையை நீட்டிக்கொண்டு ஓடினார், ஏதோ அதைத் தாங்கிப் பிடித்துவிட முடியும் என்பது போல. அதற்குள் முன்னங்கால் ஒன்று நிமிர்ந்தது. இன்னொன்றும் நிமிர்ந்தது.

நின்றுவிட்டது.

கொட்டில் வாசலில் ஒரு பாறைத் துண்டு பதித்திருக்கும். செவலை அதன் மேல் ஒரு காலை வைத்தது. டக் என்றது. சத்தத்தைக் கேட்டுத் தானே மிரண்டு காலை எடுத்தது. மறுபடி வைத்தது. டக். பிறகு வாலைத் தூக்கி நிறையச் சாணி போட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினார் ராவுத்தர்.

"சிவ சிவ" என்றார் சிற்றம்பலம். சொல்லிவிட்டுச் சாணிக்குப் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார். ராவுத்தர் சிரிக்கத் தொடங்கினார். சிற்றம்பலத்துக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. செவலை இருவரையும் திரும்பிப் பார்த்துவிட்டு வைக்கோலில் வாயை வைத்தது.

"புண்ணு ஆறுற வரைக்கும் வண்டியில பூட்டாதீங்க. மண்ணுல மட்டும் நடத்துங்க" என்றார் ராவுத்தர். "மேட்டுக்குடிக்கு என் மச்சானோட வண்டியை அனுப்பறேன். அவன் மாட்டுக்கு லாடம் நான் கட்டினது. தைரியமா ஏறும்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

சிற்றம்பலம் எழுந்து வந்து வடிவம்மையின் எதிரில் நின்றார். வேட்டியெல்லாம் மஞ்சளும் மண்ணும். கையில் மாட்டு வாடை. முகம் மட்டும் லேசாகிவிட்டிருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவர் போல இருந்தார்.

"தாயே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஓரத்துல அது நகம் மாதிரிதான் இருந்துச்சு. சீவினாக்கூடத் தெரியலை அதுக்கு. கொஞ்சம் உள்ளே போனா கால். ஒரே குளம்புல ரெண்டும் இருக்கு. அப்போ பேர் வச்சவன் எதை நினைச்சுப் பேர் வச்சான்? இந்தச் சொல்லை முதன்முதலில் சொன்னது யாரு?"

"தெரியாது."

"உங்களுக்குமா தெரியாது?"

"யார்னு தெரியாது" என்றார் வடிவம்மை, சிற்றம்பலத்தின் கையைப் பார்த்தபடி. "ஆனா சொல்லும்போது அவன் எதைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தான்னு தெரியும்."